பொதியில் ஏறியோரும் வழிகாட்டியோரும்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுகிலும் மதில்போல் நிற்கும் ஆண்டீஸ் மலைத்தொடரைக் காண இன்று உலகின் எல்லாத் திக்குகளிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். பனிமுடிகளில் ஏறுவோர் சிலர். இன்கா மன்னர்கள் கல் பாவிய பழம்பாதையில் நடந்து மாச்சு பிச்சு என்னும் பாழ்நகரை அடைவோர் பலர். மலைவாழ் மக்களின் நெசவையும் இசையையும் விழாக்களையும் கண்டு மகிழ்வோர் இன்னும் பலர். அவர்கள் எழுதிய பயண நூல்களும் ஏராளம். அந்நூல்களைப் புரட்டும்போது ஒரு செய்தி புலனாகும். மலை ஏறியவர் பெயர் நூலின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவருக்கு முன்னே நடந்து வழிகாட்டியவர் பெயரும், பின்னே சுமை தாங்கி வந்தவர் பெயரும் நூலின் உள்ளே எங்கேனும் ஓரிடத்தில் இருந்தாலும் இருக்கும். இல்லாமலே போனாலும் போகும்.

இதனை ஆராயத் திருவனந்தபுரத்தில் வாழும் நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் நகருக்குக் கிழக்கே, நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஒரு மலைமுடி. மலையாளத்தில் அகஸ்தியகூடம் என்றும் அகஸ்தியார்கூடம் என்றும் அதனை வழங்குவர். தமிழர்க்கு அது பொதியில், பொதிகை. அதன் ஒரு பக்கத்து மழைநீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. மறுபக்கத்து நீர் நெய்யாறாகவும் கரமனை ஆறாகவும் இறங்கி மேலைக் கடலை அடைகிறது. அம்மலையில் ஏறியோர் வரலாற்றையும், ஏற உதவியோர் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. இடையிடையே ஆண்டீசையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம். அவ்விரு மலைகளுக்கும் நாம் எதிர்பாராத உறவுகள் சில உண்டு.

பொதியில் தமிழிலக்கியத்தின் மிகப் பழைய மலைகளுள் ஒன்று. சங்க காலத்தில் ஆய் மரபினர் அதனை ஆண்டனர். யானைகளை வாரி வழங்கிய ஆய் அண்டிரனின் கொடையைப் புறநானூற்றுப் புலவர்கள் போற்றியுள்ளனர். கிறித்து பிறந்து இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் கிரேக்க நூலறிஞர் தம் புவியியல் நூலில் 'பெட்டிகோ' என்று ஒரு மலையைக் குறிக்கிறார். அது பொதிகையே என்பது கால்டுவெல் முதலிய அறிஞர் கொள்கை. வடக்கே இமயத்தில் தேவர் கூட்டம் கூடியதால் நிலம் சாய்ந்ததென்றும், அதனைச் சமன் செய்யச் சிவபெருமான் அகத்தியரைத் தெற்கே அனுப்பினாரென்றும், அவர் வந்து அமர்ந்த இடம் பொதியில் என்றும் கூறும் கதை யாவரும் அறிந்ததே.

அகத்தியர் இம்மலைக்கு வேறொரு வகையிலும் உரியவர் ஆகிறார். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்று கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்திய நாட்டைச் சுற்றிய சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலய மலைக்குக் கிழக்கே பொதலகம் என்னும் மலை உண்டு என்றும், அங்கே அவலோகிதர் உறைகிறார் என்றும், பாதை மிகக் கொடியது என்றும் குறித்துள்ளார். அவர் தாமே அங்குச் சென்றவரல்லர், கேட்டு எழுதியவர். உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறுவோருள்ளும் முடியை எட்டுவோர் சிலரே என்பதும், அடிவாரத்தில் வாழ்வோர் வேண்டும்போது அப்பெருமான் ஒரு சமயம் நீறு பூசிய தவசியின் வடிவில் தோன்றுவார் என்பதும் அவர் கேட்டறிந்த செய்திகள். பொதலகமும் பொதியிலும் ஒன்றே என அறிஞர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து எவ்வாறாயினும், அச்சீனத் துறவியின் குறிப்பில் மலையேறுவோரோடு அடிவாரத்து மக்களும் இடம்பெற்றுள்ளனர் என்பது நம் கவனத்துக்கு உரியது. தொலைவிலிருந்து வந்தவன் உயிரைப் பணயம் வைத்துத் தேடியதை, அங்கேயே வாழ்ந்தவன் அன்றாட வழிபாட்டில் கண்டான் என்பது அக்குறிப்பின் பொருள்.

பொதிய மலையின் அடிவாரத்து மக்கள் யாவர்? அவர்களே காணிக்காரர், சுருங்கச் சொன்னால் காணிகள். தமிழ் நிகண்டுகளில் தேட வேண்டாத எளிய சொல் இது. வழிவழியாக உரிமையுள்ள நிலத்தைக் காணி என்கிறோம். அந்நிலத்துக்கு உரியவன் காணிக்காரன். ஆக, இம்மலை எம்முடையது என்னும் உரிமை அவர்கள் குலப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ஆயினும், மலைக்காடுகளை அரசுகள் காப்புக்காடுகளாக அறிவித்தபின், காணிக்காரர் காணி இல்லாதவராயினர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் பின்னரே அவ்வுரிமையைச் சட்டத்தின் வாயிலாகக் கேட்க வழி பிறந்தது.

காணிகளின் ஊர்த்தலைவனுக்கு மூட்டுக்காணி என்று பெயர். நோயும் துன்பமும் வந்தபோது மருந்தும் மந்திரமும் அறிந்து உதவுபவன் பிலாத்தி. பிலாத்தி இரவு முழுதும் சாற்றுப் பாட்டு இசைத்து நோயாளிக்கு நலம் வேண்டுவான். அப்பாட்டுக்குத் துணையாவது கொக்கரை என்னும் இரும்பு இசைக்கருவி. அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்க இயலாதபடி கலந்து கிடக்கின்றன. இரு மொழிகளின் எல்லையில் நின்று தொழில் செய்யும் நமக்கு அப்பேச்சு வியப்பையும் மகிழ்ச்சியையும் தருவது. மொழிநூலார் வரைந்த எல்லைக்கோட்டை அவர்கள் நாள்தோறும் தாண்டுகிறார்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோதும் கோடு மலைமுகட்டின் மேலேயே நின்றது. மேற்கே குற்றிச்சல், விதுரை, பெரிங்கமலைப் பகுதிகளில் வாழ்ந்த காணிகள் கேரளத்தவராயினர். கிழக்கே இஞ்சிக்குழி, மயிலாறு முதலிய குடியிருப்புகளில் வாழ்ந்தோர் தமிழகத்தவராயினர். குலம் ஒன்று, அரசுப் பதிவேடுகள் இரண்டு.

திருவனந்தபுரத்தின் வரலாற்றிலும் இம்மக்களுக்கு இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் பகைவர்க்கு மறைந்து காட்டில் அலைந்த காலத்தில் காணிகள் அவருக்கு அடைக்கலம் தந்தனர் என்பது மரபு. அதன் நினைவாக, ஒவ்வோராண்டும் ஓணத்துக்கு முன்னர் அவர்கள் தேனும் வாழைக்குலையும் மூங்கிற் பொருள்களும் ஏந்திக் கவடியார் அரண்மனைக்கு வருவதும், அரச குடும்பத்தார் அவர்களுக்கு ஓணக்கோடி அளிப்பதும் வழக்கமாயின. அரசனுக்கு வழிகாட்டியவர்களின் பெயர்கள் தனித்தனியே ஏட்டில் ஏறவில்லை. ஆனால் நன்றி ஒரு சடங்காகவேனும் நின்றது. இதனை நாம் நினைவில் கொள்வது நன்று. பிற்காலத்தார் இவ்வளவுகூடச் செய்யவில்லை.

இனி ஆண்டீசுக்குச் சிறிது செல்வோம். செர்மனி நாட்டு அறிஞர் அலெக்சாந்தர் ஃபொன் அம்போல்ட், 1799 முதல் 1804 வரை அமெரிக்கக் கண்டத்தில் பயணம் செய்தார். இன்றைய கொலம்பியாவிலுள்ள கிண்டியோ கணவாயைக் கடக்கும் பயணிகள் அக்காலத்தில் மனிதர் முதுகில் கட்டிய நாற்காலியில் அமர்ந்து செல்வது வழக்கம். அம்போல்ட்டும் அவர் தோழர் போன்பிலானும் மனிதர் முதுகில் ஏற மறுத்து, சேற்றிலும் முள்ளிலும் தம் காலாலேயே நடந்தனர். 1802-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் சிம்போராசோ மலையில் அவர்கள் மிகப் பெரிய உயரம் வரை ஏறினர். அன்று உலகிலேயே உயர்ந்த மலை அதுவே என்று பலர் எண்ணியிருந்தனர். முடியை எட்டாவிடினும் அவ்வேற்றம் அம்போல்ட்டுக்கு அழியாப் புகழைத் தந்தது.

ஆயினும் நம் கதைக்கு வேண்டுவது சிம்போராசோ அன்று. அவ்வாண்டிலேயே பெரு நாட்டின் மலைப்பகுதியில், கசமார்க்காவுக்கு அருகில், அவர் தம் காந்த ஊசியைக் கொண்டு செய்த ஆய்வு. தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி வடபாதியில் வடக்கு முனையையும் தென்பாதியில் தெற்கு முனையையும் கீழே சாய்க்கும். இடையே ஒரு கோட்டில் எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும். அதுவே காந்த நடுக்கோடு. நிலநடுக்கோட்டோடு அது ஒன்றுவதில்லை. வளைந்து வளைந்து உலகைச் சுற்றுகிறது. அது ஆண்டீசைக் கடக்கும் இடத்தை அம்போல்ட் கண்டார். அதே கோடு உலகைச் சுற்றி வந்து, தென்னிந்தியாவின் முனையில், நம் திருவனந்தபுரத்துக்கு அருகே செல்கிறது.

பின்னாளில் அம்போல்ட்டும் பிறரும் உலகெங்கும் காந்த நிலையங்கள் அமைத்து ஒரே நேரத்தில் ஊசியின் அசைவைக் குறிக்க வேண்டும் என்று அரசுகளை வேண்டினர். அந்த அறிவியல் எழுச்சியில் திருவிதாங்கூரும் பங்கேற்றது. சுவாதித் திருநாள் மகாராசாவின் ஆதரவில் 1837-ஆம் ஆண்டளவில் இந்நகரின் மேட்டில் வானாய்வுக்கூடம் எழுந்தது. ஆலப்புழையில் வணிக அலுவலராக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். 1849-இல் அவர் காலமானபின், ஸ்காட்லாந்து நாட்டினரான ஜான் ஆலன் பிரவுன் 1852-இல் பொறுப்பேற்றார்.

பிரவுன் துரை கடின உழைப்பாளி. இந்நகரின் அருங்காட்சியகமும் பூங்காவும் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நகரின் மேட்டில் ஊசி அசைவது போலவே உயர்ந்த மலைமுடியிலும் அசையுமா, காற்றழுத்தமும் வெப்பமும் உயரத்துக்கேற்ப எவ்வாறு மாறும் என்பன அவர் தமக்குள் எழுப்பிக்கொண்ட கேள்விகள். அவற்றுக்கு விடை காண 1855-இல் அகத்தியர் முடியின் மேலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டுவித்தார். உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் அப்போது அரசர். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வுச்சிக்கு மரமும் கருவிகளும் உணவும் மனிதர் தோளிலேயே சென்றாக வேண்டும். யானையும் புலியும் உலவும் காட்டில் வழி வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் வீசும் கடுங்காற்றிலும் மூடுபனியிலும் உதவியாளர்கள் அங்கே தங்கி மணிக்கணக்குப் பார்த்து ஊசியின் நிலையை ஏட்டில் பொறிக்க வேண்டும். சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்க்கு அக்குளிர் எத்தகையது என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அக்கட்டடம் நெடுநாள் நிலைக்கவில்லை. பிரவுன் 1865-இல் ஐரோப்பா திரும்பினார். திருவனந்தபுரத்திலும் அகத்திய மலையிலும் பதிவான காந்த அளவுகளின் முதல் தொகுதி 1874-இல் நூலாக வெளிவந்தது. உலகின் காந்த வலிமை எங்கும் ஒருங்கே கூடுவதும் குறைவதும் உண்டு என்றும், அம்மாற்றங்களுக்கும் கதிரவனின் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு என்றும் அவர் காட்டினார். 1878-இல் இலண்டன் ராயல் சங்கம் அவருக்கு அரசப் பதக்கம் வழங்கியது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அப்பதக்கம் அவர் உழைப்புக்குத் தகுதியானதே. ஆயினும், அப்பெட்டிகளை மேலே கொண்டு சேர்த்த தோள்களையும், காட்டில் எந்த ஓடையை எங்கே கடக்கலாம் என்று அறிந்த கால்களையும் நாம் மறக்கலாகாது. காணிகளைப் பற்றிப் பாதிரியார் சாமுவேல் மெட்டியர் 1883-இலும், எட்கர் தர்ஸ்டன் 1909-இலும் விரிவாக எழுதியுள்ளனர். இவர்கள் நூல்களில் காணிகள் 'பழங்குடியினர்' என்று ஆராயப்படும் பொருளாக வருகின்றனரேயன்றி, அறிவுடைய துணைவராக வருவது அரிது.

காந்தக் கோட்டின் கதை அத்துடன் முடியவில்லை. பெரு நாட்டு ஆண்டீசில், உவான்காயோ என்னும் இடத்தில், அமெரிக்காவின் கார்னெகி நிறுவனம் 1922-இல் ஒரு காந்த நிலையம் அமைத்தது. காந்த நடுக்கோட்டின் மேல் வானில் ஒரு பெரும் மின்னோட்டம் பகலில் ஓடுகிறது என்னும் உண்மைக்கு அங்குக் கிடைத்த பதிவுகள் வழிகோலின. அம்மின்னோட்டத்தை ஆராய ஏற்ற இடம் என்பதாலேயே நம் நகரை அடுத்த தும்பை என்னும் மீனவர் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அதற்காகத் தம் தேவாலயத்தையும் வீடு வாசல்களையும் விட்டுக்கொடுத்து இடம் பெயர்ந்தவர்கள் அவ்வூர் மீனவ மக்கள். அறிவு வளர்வதற்கு இடம் கொடுத்தோர் மலையிலும் இருந்தனர், கடற்கரையிலும் இருந்தனர்.

வழிகாட்டுதல் என்பது பாதை காட்டுதல் மட்டுமன்று. மலையின் மரமும் கொடியும் எதற்குப் பயன்படும் என்று காட்டுவதும் வழிகாட்டுதலே. இதில் ஆண்டீஸ் நமக்குத் தரும் பாடம் கசப்பானது. பட்டை கசப்பதைப் போலவே கசப்பானது. சிங்கோனா மரப்பட்டை மலைக்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் அம்மலைநாட்டு மக்களிடமிருந்தே அறிந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. ஆனால் 1742-இல் லின்னேயசு என்னும் தாவரவியலார் அம்மரத்துக்குப் பெயரிட்டபோது, பெருவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதியின் மனைவியான சிஞ்சோன் சீமாட்டியின் பெயரையே சூட்டினார். 1860-இல் கிளெமென்ட்சு மார்க்கம் என்பாரின் தலைமையில் ஆங்கிலேயர் அம்மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர முயன்றனர். அம்போல்ட் ஏறிய அதே சிம்போராசோவின் மேலைச் சரிவுக் காடுகளில் ரிச்சர்டு ஸ்புரூசு என்பவர் விதை சேகரித்தார். அவ்விதைகள் கடல் கடந்து வந்து 1861 முதல் நம் நீலகிரியில் மரங்களாயின. நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் தோட்டங்கள் எழுந்தன. அவற்றால் இந்திய மக்களுக்கும் மருந்து கிடைத்தது. நாமும் அதன் பயனை நுகர்ந்தவர்களே.

அவ்வரலாற்றில் மானுவேல் இங்கிரா மமானி என்னும் ஒருவரின் பெயர் மட்டும் மறையாமல் தப்பியது. அவர் பொலிவிய நாட்டு மலைமகன். சார்லசு லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகரிடம் பணி செய்தவர். எந்த மரத்தின் பட்டையில் வலிமை மிகுதி என்பதை அவர் கண்ணால் பார்த்தே அறிவார். உறைபனியால் பூக்கள் கருகிய ஆண்டுகளைப் பொறுமையோடு கழித்து, 1865-இல் மிக உயர்ந்த வகை விதைகளை லெட்ஜரிடம் சேர்த்தார். அவ்விதைகளை ஒல்லாந்தர் வாங்கிச் சாவகத் தீவில் பயிரிட்டனர்; உலகின் கொயினா வணிகம் அவர்கள் கைக்குள் வந்தது. விதைகளை அயலார்க்குக் கொடுத்த குற்றத்துக்காக மமானி தம் நாட்டில் சிறைப்பட்டு, அடியுண்டு, 1871-இல் மாண்டார். அவர் தேர்ந்தெடுத்த மரவகைக்கோ லெட்ஜரின் பெயர் வைக்கப்பட்டது!

இதற்குச் சற்றேறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், 1987-ஆம் ஆண்டு டிசம்பரில், பொதிய மலைக் காட்டில் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. அறிவியலார் புஷ்பாங்கதன் தலைமையிலான குழுவொன்று மலையில் தாவர ஆய்வு நிகழ்த்தியது. உடன் வந்த காணி இளைஞர்கள் நாள் முழுதும் நடந்தும் களைப்படையவில்லை. அவர்கள் வழியில் கருநிறக் கனி ஒன்றை அவ்வப்போது உண்டுவந்ததை அறிவியலார் கவனித்தனர். களைத்திருந்த தாமும் உண்டபோது சோர்வு நீங்கிற்று. அஃது என்ன செடி என்று வினவியபோது முதலில் இளைஞர்கள் சொல்லத் தயங்கினர். அது குலத்தின் மறைபொருள். தவறான வழியில் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதி கூறிய பின்னரே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிலையம் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதனைத் தயாரிக்கும் உரிமம் ஏழாண்டுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அதனைப் பெற 1997-இல் காணி மக்களின் நல அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. 1999-இல் 5 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் பிறந்தது 2002-இல். பயன்பகிர்வு பற்றிய நகோயா உடன்பாடு உலக நாடுகளால் ஏற்கப்பட்டது 2010-இல். அச்சட்டங்களுக்கு முன்னரே, யாரும் வற்புறுத்தாமல், ஓர் அரசு ஆய்வு நிலையம் இவ்வாறு செய்தது என்பது பாராட்டத் தக்கதே. மமானியின் கதையை அறிந்தவர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

எனினும் குறையொன்றும் இல்லை என்று கூறி முடிப்பது நேர்மையாகாது. அறிவு குலம் முழுவதற்கும் உரியது, சொன்னவரோ ஓரிருவர். பிற பகுதிக் காணிகள் தம்மைக் கேளாமல் செய்தது முறையன்று என்றனர். மறைபொருளை விற்பது தகாது என்று பிலாத்திகள் சிலர் எதிர்த்தனர். செடியோ காப்புக்காட்டில் வளர்வது. அதனை வளர்க்கவும் பறிக்கவும் வனத்துறையின் இசைவு வேண்டியிருந்தது. ஆதலால் பயிரிட்டுப் பயன்பெறும் எண்ணம் முழுமையாக ஈடேறவில்லை. பணத்தில் பாதியைத் தருவது எளிது; முடிவெடுப்பதில் பாதியைத் தருவதே அரிது. இதுவே அம்முயற்சி நமக்குக் கற்பிக்கும் பாடம். 2018-ஆம் ஆண்டு, கல்லாற்றுக் காட்டில் வாழும் காணி மூதாட்டி இலட்சுமிக்குட்டி அம்மைக்கு அவருடைய மூலிகை அறிவுக்காக இந்திய அரசு பத்மசிறீ விருது அளித்தது. குலத்தின் பெயருக்குப் பின்னே மறைந்து நில்லாமல், அறிந்தவர் தம் பெயராலேயே போற்றப்பட்ட நாள் அது.

இன்று பொதிய மலையில் ஏற விரும்புவோர் கேரள வனத்துறையின் இசைவைப் பெற வேண்டும். பெரும்பாலும் சனவரி நடுவில் தொடங்கிப் பெப்ரவரி வரையில், மழை ஓய்ந்த வாரங்களிலேயே வழி திறக்கப்படும்; நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் அருகிலிருந்து நடை தொடங்குகிறது. கரமனை ஆற்றையும், அட்டைகள் மிகுந்ததால் அப்பெயர் பெற்ற அட்டையாற்றையும் கடந்து, புல்வெளிகளின் வழியே அதிருமலை முகாமை அடைந்து இரவு தங்குவர். அடுத்த நாள் பொங்காலைப்பாறையைத் தாண்டி, கயிற்றைப் பற்றி வழுக்குப்பாறைகளில் ஏறினால் உச்சி. அங்கே அகத்தியர் சிலை நிற்கிறது. வழியில் ஒரு செங்குத்தான ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் என்று பெயர். முழங்காலாகிய முட்டு, ஏறுவோனையே இடிக்கும் என்பது கருத்து. அகராதி காணாத இச்சொல் நூறு பக்க வருணனையைவிட அந்த ஏற்றத்தை நன்கு உணர்த்துகிறது. குழுக்களை அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் காணிகளே.

மலை ஏறும் உரிமை பற்றியும் அண்மையில் ஒரு வழக்கு எழுந்தது. அகத்தியரைத் துறவியாகக் கொண்டு வழிபடும் காணிகள், பெண்கள் உச்சிக்கு ஏறலாகாது என்னும் வழக்கத்தைப் போற்றி வந்தனர். புராணங்கள் லோபாமுத்திரையை அகத்தியரின் மனைவியாகக் கூறினும் காணிகளின் மரபு வேறு. வனத்துறையும் பெண்களுக்கு இசைவு மறுத்து வந்தது. ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்று 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 சனவரியில் முதன்முறையாகப் பெண்மணியொருவர் முறையான இசைவுடன் உச்சியை அடைந்தார். அன்று காணிகள் போனக்காட்டில் கூடித் தம் வருத்தத்தைப் பாட்டாலும் வழிபாட்டாலும் தெரிவித்தனர்; வழி மறிக்கவில்லை. குடிமக்கள் யாவர்க்கும் சமவுரிமை என்பது நாட்டின் சட்டம், அத்தீர்ப்பு நீதியானதே. ஆயினும் நகரத்தார் பலர் அம்மலையைக் குறித்து வழக்காடி உரிமை பெற்ற காலத்தில், அம்மலையைத் தம் பெயரிலேயே கொண்டவர்கள் வனக்காவல் வாயிலின் ஓரத்தில் நின்று பாடினார்கள் என்பதையும் வரலாறு எழுதுவோன் குறிக்கத்தான் வேண்டும்.

ஆண்டீசிலும் இத்தகைய கணக்குகள் தீர்க்கப்படாமல் நெடுங்காலம் கிடந்தன. 1911-ஆம் ஆண்டு சூலை 24-ஆம் நாள் மாச்சு பிச்சுவைக் 'கண்டுபிடித்தவர்' என்று அமெரிக்கப் பேராசிரியர் ஐராம் பிங்காம் புகழ் பெற்றார். அவரை அங்கு அழைத்துச் சென்றவர் மெல்சோர் ஆர்த்தேயகா என்னும் உழவர். உச்சியில் வேளாண்மை செய்து வாழ்ந்த குடும்பங்களும் அன்று அங்கே இருந்தன. குடியிருந்தோர் உள்ள ஊரை ஒருவர் கண்டுபிடிப்பது எங்ஙனம்? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் எப்போதும் உறுத்துவதுண்டு. 'சென்று கண்டார்' என்று எழுதினால் உண்மை குறையாது. பிறர் பெருமையும் கெடாது. இன்காப் பாதையில் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கி வந்த தொழிலாளர்க்காகப் பெரு நாடு 2001-இல் தனிச்சட்டம் இயற்றி, ஒருவர் சுமை 20 கிலோவைத் தாண்டலாகாது என வரையறுத்தது. அம்போல்ட் மனிதர் முதுகில் ஏற மறுத்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த எண்ணம் சட்டமாயிற்று.

பொதிய மலையும் அதனைச் சூழ்ந்த காடுகளும் 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அதன் பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர். 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வரிசையில் சேர்த்தது. அம்முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவில் நிகழ்ந்தது. அகத்தியர் மலைக்கு ஆண்டீஸ் நாட்டில் கிடைத்த சிறப்பு இது. அவ்வரிசையின் நோக்கம் மரத்தையும் விலங்கையும் காப்பது மட்டுமன்று. அங்கு வாழும் மனிதரையும் அவர்தம் அறிவையும் சேர்த்துக் காப்பது.

மலையேறும் ஆர்வம் இளைஞரிடையே வளர்ந்து வருவது நல்லதே. உடலுக்கு உரமும் உள்ளத்துக்குத் துணிவும் அதனால் விளையும். ஏறச் செல்வோர் கைவிளக்கும் கம்பளியும் மறவாமல் எடுத்துச் செல்வதைப் போலவே, முன்னே நடப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதையும் மறவாதிருக்க வேண்டும். திரும்பி வந்து நண்பரிடம் கூறும்போதும், பத்திரிகைக்கு எழுதும்போதும், அப்பெயரைத் தம் பெயருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பிரவுன் துரையின் பெட்டிகளைச் சுமந்தோர்க்கு இனி நாம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்றுமில்லை. இன்று காட்டில் நமக்கு முன்னே நடக்கும் காணிக்கு அதனைச் செய்ய இன்னும் காலம் இருக்கிறது.